41,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது... ஆனால், இன்ஜினுக்குள் தார்!

சேலத்தில் அப்பாவுக்கு செக்கப் முடித்துவிட்டு, ஆட்டையாம்பட்டியில் நிறுத்தி முறுக்கு வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காளிப்பட்டியில் ஒரு வேகத்தடைக்காக பிரேக் பிடித்தபோது, டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. எண்ணெய்க் கிண்டி போல ஒரு படம், மூக்கில் ஒரு சொட்டு. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் விளக்கு போய்விட்டது. அடுத்த வேகத்தடையில் மறுபடியும் வந்தது. இந்த முறை அணையவில்லை.

ஓரமாக நிறுத்தி இன்ஜினை ஆஃப் செய்தேன். வீட்டுக்கு இன்னும் சில கிலோமீட்டர்தான். பின் சீட்டில் அப்பா களைத்துப்போய்ச் சாய்ந்திருந்தார்.

"லைட்டுத்தான கண்ணு எரியுது, வண்டி ஓடுதல்ல. ஊட்டுக்குப் போயிப் பாத்துக்கலாம்" என்றார்.

எனக்கும் அதே ஆசைதான். ஆனாலும் பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் சரியான அளவில் இருந்தது. அளவு குறைந்திருந்தால் பெட்ரோல் பங்க்கில் ஒரு லிட்டர் வாங்கி ஊற்றிவிட்டுக் கிளம்பியிருப்பேன். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிகிறது என்பதுதான் வயிற்றைக் கலக்கியது. அப்பாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, தெரிந்தவர் ஒருவரின் டெம்போவில் கயிறு கட்டி வண்டியை மல்லசமுத்திரத்துக்கு இழுத்து வந்தேன்.

அந்த விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. இன்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்ட்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் சுழல்வது, நடுவில் இருக்கும் தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலத்தால்தான். ஆயில் பம்ப் தரும் அழுத்தம் விழுந்துவிட்டால் அந்தப் படலம் அறுந்துவிடும். உலோகத்தோடு உலோகம் உரசி, சில நிமிடங்களிலேயே பேரிங் பொடியாகி, இன்ஜின் சீஸ் ஆகிவிடலாம். அப்பா சொன்னதைக் கேட்டு ஓட்டியிருந்தால், 1,85,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டியில் பாதி விலைக்கு இன்ஜின் வேலை வந்திருக்கும்.

அந்தப் பணம் அவருடைய சிகிச்சைக்காக எடுத்து வைத்ததிலிருந்து எடுத்ததுதான். மாதம் இரண்டு முறை பஸ்ஸில் சேலம் போய் வர அவரால் முடியவில்லை என்றுதான் 2021-ல் இந்த 2009 மாடல் பெட்ரோல் காரை வாங்கினோம். ஒரே ஓனர், ஓடியது 41,000 கிலோமீட்டர் மட்டும், ஒரு கீறல்கூட இல்லை. "வயசானவரு வெச்சிருந்த வண்டிங்க, கடைக்கும் கோயிலுக்கும் மட்டும்தான் எடுப்பாரு" என்று சொல்லித்தான் விற்றார்கள். அதைக் கேட்டு நாங்கள் மகிழ்ந்துபோனதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மூடியைத் திறந்ததும்...

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் கார் வேலைக்கு வருவதற்கு முன்பு பல வருடங்கள் ரிக் வண்டியில் வடநாடு சுற்றியவர். வண்டியைப் பார்த்ததும் ஸ்டார்ட் செய்யச் சொல்லவில்லை. இன்ஜின் மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தார், அவ்வளவுதான். மூடியின் அடியில் கறுப்பாக, கெட்டியாக, ரோடு போடும் தாரைப் போல ஒன்று அப்பியிருந்தது. விரலால் வழித்துக் காட்டினார். உள்ளே டார்ச் அடித்தால் கேம் ஷாஃப்ட் மேலெல்லாம் அதே கறுப்பு.

"எத்தன கிலோமீட்டர் ஓடுச்சுங்கறத உடுங்க தம்பி. எத்தன வருசம் நின்னுச்சு, எத்தன தடவ ஸ்டார்ட் ஆச்சு, அதச் சொல்லுங்க" என்றார்.

டேஷ்போர்டு பெட்டியிலிருந்து சர்வீஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். 12 வருடத்தில் நான்கே நான்கு முத்திரைகள். கணக்கு எளிது. வருடத்துக்குச் சராசரி 3,400 கிலோமீட்டர். '10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும்' என்று அந்தப் பெரியவர் நினைத்திருக்கிறார். அப்படியென்றால், ஒரே ஆயில் ஏறக்குறைய மூன்று வருடம் உள்ளேயே கிடந்திருக்கிறது. '10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது' என்று அதே புத்தகத்தில்தான் அச்சடித்திருக்கிறது. பின்பாதியை யாரும் படிப்பதில்லை. நானும் அதுவரை படித்ததில்லை.

ரிக் வண்டிக்காரர்கள் கணக்கு

மெக்கானிக் அண்ணனின் கேள்வி எங்கள் பக்கத்துத் தொழிலிலிருந்து வந்தது. போர்வெல் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு நாடறிந்த ஊர். டி.என் 34 பதிவெண் போட்ட ரிக் வண்டியை வட மாநிலத்தின் ஏதோ ஒரு பொட்டல் காட்டில் பார்த்து, 'அட, நம்மூரு வண்டி!' என்று துள்ளிய அனுபவம் இந்தப் பக்கத்து ஆட்கள் பலருக்கும் இருக்கும். லாரியை ரோட்டில் ஓட்டுவது ஓர் இன்ஜின். பாறையைத் துளைக்கக் காற்றழுத்தம் தரும் கம்ப்ரஸருக்கு இன்னொரு பெரிய இன்ஜின். இந்த இரண்டாவது இன்ஜின் நின்ற இடத்திலேயே இரவு பகலாக உறுமும், கிலோமீட்டர் முள் ஒரு புள்ளிகூட நகராது. அதனால் அதில் மணிக்கணக்கு மீட்டர்தான் இருக்கும். 250 மணி நேரம் ஓடினால் ஆயில் மாற்று என்பது போலத்தான் கணக்கு. தவறினால் பல லட்சம் ரூபாய் இன்ஜின் போய்விடும் என்பதால் டிரைவர் முதல் ஓனர் வரை எல்லோரும் அந்த மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இதே கணக்கைக் காருக்குப் போட்டுப் பாருங்கள். 41,000 கிலோமீட்டரை பைபாஸில் சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியிருந்தால், இன்ஜின் வேலை செய்தது 700 மணி நேரத்துக்கும் குறைவு. கடைவீதியில், சிக்னலில், ரயில்வே கேட்டில் நின்று நின்று சராசரி 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியிருந்தால் 2,000 மணி நேரத்துக்கு மேல். இரண்டு வண்டியிலும் மீட்டர் காட்டுவது ஒரே எண்தான்.

அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது?

ஒரு விஷயம் எனக்குப் புதிதாக இருந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. பெரும்பகுதி சைலன்ஸர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் மட்டும், எரியாத பெட்ரோல் ஆவியோடும் புகையோடும் சேர்ந்து பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும்.

இன்ஜின் நன்றாகச் சூடாகி ஓடினால் இந்த ஈரம் ஆவியாகி, பிசிவி வால்வு என்ற சின்ன வால்வு வழியாக இன்ஜினுக்கே திரும்ப இழுக்கப்பட்டு, புகையோடு வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, அரை மணி கழித்து மறுபடி இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் ஆயில் சூடாகவே ஆகாது. ஈரம் உள்ளேயே தங்கும். புகைக்கரி, ஈரம், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து ஆயிலை அமிலமாக்கி, பிறகு கெட்டியாக்கும். அதுதான் ஸ்லட்ஜ் எனும் கசடு.

நல்ல ஆயிலில் அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ரசாயனங்கள் சேர்த்திருப்பார்கள். சோப்புத் தண்ணீர் துணி அழுக்கைப் பிடிப்பது போலத்தான். ஒரே சோப்புத் தண்ணீரில் பத்துப் பேர் துணியை ஊறவைத்தால் என்ன ஆகும்? ஒரு கட்டத்துக்கு மேல் அழுக்கைப் பிடிக்கத் தெம்பில்லாமல் துணியிலேயே படிய விடும். ஆயிலும் அப்படித்தான்.

நேர் எதிரான காரணமும் உண்டு. அதிகச் சூடு. ஆயிலின் வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அது காற்றோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் பொதுவான கணக்கு. கோடையில் ஏ.சி போட்டுக்கொண்டு டிராஃபிக்கில் நிற்கும் வண்டிக்கும், ஆயில் அளவு குறைந்து ஓடும் வண்டிக்கும் இந்த ஆபத்து இருக்கிறது.

பராமரிக்காதவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை என்றும் ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் 1997 முதல் 2002 வரையிலான டொயோட்டா, லெக்சஸ் மாடல்கள் சிலவற்றின் 2.2 லிட்டர் நான்கு சிலிண்டர், 3 லிட்டர் வி6 இன்ஜின்களில் இந்தக் கசடுப் பிரச்னை வெடித்தது. ஆயில் மாற்றாத ஓனர்கள் மீதுதான் முதலில் பழி. ஒழுங்காக மாற்றினோம் என்று பலரும் சண்டைக்கு நிற்க, 2002-ல் சுமார் 33 லட்சம் வண்டிகளுக்கு, முதல் விற்பனையிலிருந்து எட்டு வருடம் வரை கசடுக்கான ரிப்பேரைத் தானே ஏற்பதாக நிறுவனம் அறிவித்தது. சர்வீஸ் பில்லைப் பத்திரமாக வைத்திருந்தவர்களின் பேச்சுக்குத்தான் இப்படிப்பட்ட சண்டைகளில் மதிப்பு.

'ஹீட்டே ஆகாது' என்ற பெருமை

எங்கள் வண்டியில் இன்னொரு குட்டு உடைந்தது. வாங்கிய நாளிலிருந்தே டெம்பரேச்சர் முள் கால்வாசிக்கு மேல் ஏறியதே இல்லை. சேலம் போனாலும் சரி, சித்திரை வெயிலானாலும் சரி. 'எவ்வளவு கூலா ஓடுது பாருங்க' என்று நான் சொந்தக்காரர்களிடம் பெருமையடித்திருக்கிறேன்.

மெக்கானிக் அண்ணன் ரேடியேட்டர் ஹோஸைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே தெர்மோஸ்டாட் வால்வே இல்லை. எப்போதோ வண்டி ஹீட் ஆகியிருக்கிறது. காரணத்தைத் தேடாமல் யாரோ வால்வைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். நம்மூரில் இது சர்வ சாதாரணம். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து வைப்பதுதான் அந்த வால்வின் வேலை. அது இல்லையென்றால் தண்ணீர் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் தேவையான சூட்டுக்கு வரவே வராது. கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் போகிற வண்டி, அதில் தெர்மோஸ்டாட்டும் இல்லை. கசடு சேர இதைவிட வேறு என்ன வேண்டும்? உங்கள் பழைய வண்டியின் முள்ளும் எங்கள் முள்ளைப் போலவே படுத்துக் கிடந்தால், ஒருமுறை இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டீசல் ஊற்றிக் கழுவலாமா?

செய்தி தெருவில் பரவியதும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றே: "பழைய ஆயிலோட ஒரு லிட்டர் டீசல் ஊத்தி, பத்து நிமிசம் ஆன்ல உட்டு எறக்குனா பளபளன்னு ஆயிரும்."

பழைய கால லாரிகளில் இப்படிச் செய்து பிழைத்த கதைகள் இருக்கலாம். எங்கள் வண்டியில் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். டீசலோ மண்ணெண்ணெயோ கலந்தால் ஆயில் நீர்த்துவிடும். ஏற்கெனவே அழுத்தம் இல்லாமல் தவிக்கும் பேரிங்குக்கு அந்தப் பத்து நிமிடமே போதும். இரண்டாவது ஆபத்து இன்னும் பெரியது. அடிச் சேம்பரில் ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் சல்லடை போல ஒரு ஸ்ட்ரெய்னர் இருக்கிறது. மேலே அப்பியிருக்கும் கசடு கட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்து அதை அடைத்துக்கொண்டால், வண்டி வந்த காரியம் அன்றே முடிந்தது. கடையில் டப்பாவில் விற்கும் இன்ஜின் ஃப்ளஷ் திரவமும், இப்படித் தடிமனாகப் படிந்த வண்டிக்கு ஏற்றதல்ல என்பதே என் கருத்து. லேசான பழுப்புப் படலம் மட்டும் இருக்கும் வண்டிக்கு, டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்தை மீறாமல் பயன்படுத்தலாம். அதற்கும் அடிக்கடி ஆயில் மாற்றுவதே மேல்.

அண்ணன் செய்தது நிதானமான வேலை. முதலில் அழுத்தத்தை அளக்கும் கேஜை மாட்டி, விளக்கு பொய் சொல்லவில்லை என்று உறுதி செய்துகொண்டார். சில வண்டிகளில் பத்துப்பதினைந்து வருடத்தில் அந்த சென்சாரே கெட்டுப்போய் விளக்கு எரியும், அதனால் இதைச் செய்யாமல் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். பிறகு ஆயிலை இறக்கி, ஆயில் சேம்பரைக் கழற்றினார். ஸ்ட்ரெய்னர் சல்லடையில் முக்கால்வாசி ஓட்டைகள் மூடியிருந்தன. கழற்றிய சேம்பரையும் ஸ்ட்ரெய்னரையும் வெளியே வைத்து மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தார்கள். மேலே டேப்பெட் கவரைக் கழற்றி, ஆயில் இறங்கும் துவாரங்களைத் துணியால் அடைத்துவிட்டு, பிளாஸ்டிக் கரண்டியாலும் பழந்துணியாலும் கசடை வழித்தெடுத்தார். இரும்பால் சுரண்டவில்லை. முழுதாக எடுக்கவும் முயலவில்லை. கைக்கு எட்டாததைப் புது ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளட்டும் என்றார். புது கேஸ்கெட்கள், புது பிசிவி வால்வு, புது தெர்மோஸ்டாட், புது ஃபில்டர். வண்டியின் மேனுவலில் சொன்ன அதே கிரேடு ஆயில்.

அதன் பிறகுதான் முக்கியமான கட்டம். முதல் ஆயிலை 500 கிலோமீட்டரில் இறக்கினோம். காபி டிகாக்‌ஷன் போல் அடர் கறுப்பில் வந்தது. அடுத்தது 1,500 கிலோமீட்டரில், அதற்கடுத்தது 3,000-ல். ஒவ்வொரு முறையும் புது ஃபில்டர். பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்ப்போம். முதலாவதில் கறுப்புத் துகள்கள் மணல் போல இருந்தன, மூன்றாவதில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. உலோக மினுமினுப்பு எதிலும் இல்லை. அதாவது பேரிங் தப்பித்தது. மூன்று ஆயில், ஃபில்டர், உதிரி பாகங்கள், கூலி எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய். கசடைக் கரைப்பதற்காக ஊற்றி சீக்கிரமே இறக்கப்போகும் ஆயிலுக்கு, மேனுவல் கேட்காதவரை விலையுயர்ந்த சிந்தடிக் தேவையில்லை.

நீங்கள் வாங்கப்போகும் வண்டியில்...

பழைய கார் பார்க்கப் போனால் காலையில், இன்ஜின் ஆறிக்கிடக்கும்போது போங்கள். 'நீங்க வர்றதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி வெச்சிட்டோம்' என்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். ஆயில் மூடியைத் திறந்து அடியைப் பாருங்கள், செல்போன் டார்ச்சை உள்ளே அடியுங்கள். உலோகம் தேன் நிறத்தில் தெரிந்தால் கவலையில்லை. தார் போல் மேடு தட்டியிருந்தால் விலையில் எவ்வளவு குறைத்தாலும் யோசியுங்கள். மூடி மட்டும் புத்தம்புதிதாகப் பளபளத்தால் இன்னும் உள்ளே பாருங்கள்.

வெண்ணெய் போல வெளுத்த நுரை ஒட்டியிருந்தால் அது தண்ணீர். மார்கழிக் குளிரில், குட்டிப் பயணம் மட்டும் போகும் வண்டியில் மூடியடியில் கொஞ்சம் இருப்பது சகஜம், நீண்ட ஓட்டத்தில் போய்விடும். டிப்ஸ்டிக்கிலும் அதே வெண்மை, கூடவே கூலன்ட் தண்ணீரும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கக்கூட வேண்டாம்.

டீசல் வண்டி ஆயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிடும், அது கோளாறல்ல. நிறத்தை விடுங்கள். விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள், கட்டியாக, பிசினாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. டர்போ வண்டி என்றால் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு உடனே ஆஃப் செய்யாமல் ஒரு நிமிடம் ஆனில் விடுவது நல்லது. கொதிக்கும் டர்போவுக்குள் ஆயில் நின்றுபோனால் அங்கேயே கருகும்.

எந்த வண்டி வாங்கினாலும், விற்றவர் 'போன வாரம்தான் மாத்துனேன்' என்று சத்தியமே செய்தாலும், முதல் வேலையாக ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பிறகு 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம். குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு ஆறு மாதம்தான் முதலில் வரும். ஆயிலை பில் தரும் கடையில், சீல் பார்த்து வாங்குங்கள். காலி டப்பாவை ஆணியால் குத்திவிட்டுத் தூக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் அதே டப்பா கலப்பட ஆயிலோடு திரும்பி வரும். இறக்கிய ஆயிலை மாட்டுக் கொட்டகைக் கம்பத்துக்குக் கரையான் வராமல் இருக்கப் பூசும் பழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது. அதில் உலோகத் துகளும் புற்றுநோய் வரவைக்கும் சேர்மங்களும் உண்டு. மாடு நக்கும் இடத்தில் அது வேண்டாம், சாக்கடையிலும் வேண்டாம். பட்டறையில் பீப்பாயில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சி ஆலைக்குப் போகும்படி விட வேண்டிய அபாயக் கழிவு அது.

எங்கள் வண்டி இப்போது நன்றாகவே ஓடுகிறது. டெம்பரேச்சர் முள் கிளம்பிய பத்து நிமிடத்தில் நடுவில் வந்து நிற்கிறது. முதல் சில வாரம் அந்த முள்ளைப் பார்த்து நான் பயந்தது தனிக்கதை. வாரம் ஒருமுறை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள் என்று மெக்கானிக் அண்ணன் சொன்னதை, என்னைவிட அப்பாதான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்.

"திருச்செங்கோடு மல வரைக்கும் போயிட்டு வந்தர்லாம் கண்ணு. ஆயிலு சூடாகோணுமல்ல?"